ஷிப்ட் பெட்டி

9

பயம் வந்தால் மோசஸுக்கு முதலில் வயிற்றில்தான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே ரெண்டு தடவை கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்துவிட்டார்.

இத்தனைக்கும் கோழை ஆள் இல்லை. ரோலிங் மில்லில் இருபத்தொன்பது வருஷம், பழுத்துச் சிவந்து பாம்பு மாதிரி ஓடிவருகிற கம்பியைக் குறடால் கவ்வித் திருப்பிவிட்டவர். கம்பி எந்தப் பக்கம் வரும் என்று தெரியும். மனுஷன் எந்தப் பக்கம் வருவான் என்று எவனுக்குத் தெரியும். அதனால் அவர் மனுஷர்களை நம்புவதில்லை. பால்காரரை நம்பமாட்டார். பஸ் கண்டக்டரை நம்பமாட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை மருந்துக்கடையில் காட்டி, இது அதுதானா என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார்.

போன வாரங்களைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு நாலு வார்த்தை.

ஏரிமேடு ஊராட்சிக்குத் தேர்தல் வரப்போகிறது. தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. போன முறை காலனியிலிருந்து ரெண்டு பேர் நின்றார்கள். ஓட்டு ரெண்டாகப் பிளந்தது. நாற்பத்தோரு ஓட்டில் ஊர்க்காரர் ஜெயித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் காலனிக்குக் குழாய்த் தண்ணீர்கூட ஒழுங்காக வரவில்லை. அதனால் இந்த முறை காலனி தனக்குள்ளேயே முதலில் ஒரு ஓட்டு வைத்துக்கொள்கிறது. அதில் ஜெயிக்கிறவள் ஒருத்திதான் மனுப் போடுவாள். தோற்கிறவள் அவளுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்பாள்.

ஒரு பக்கம் ஏஞ்சல், மோசஸின் ஒரே மகள். சிப்காட்டில் பேக்கிங் கம்பெனியில் லைன் வேலை. இன்னொரு பக்கம் கல்பனா, லேபர் கான்ட்ராக்டர் குணாளனின் மனைவி. வீட்டுக்கு ஒருவர் என்று மோசஸும் குணாளனும் காலனி நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர் வார்த்தைதான் அந்த வீட்டின் வார்த்தை. அவர் விலகினேன் என்றால் விலகினதுதான்.

ஏஞ்சல்தான் வருவாள் என்பது டீக்கடைப் பேச்சு. ஆறு மாசத்துக்கு முன்னால், ஏரியில் கழிவுத் தண்ணீரை இறக்க வந்த டேங்கர் லாரிக்குக் குறுக்கே நின்று செல்போனில் படம் பிடித்தவள் அவள். லாரி யாருடையது என்று இன்றுவரை தெரியாது. படம் மட்டும் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனது.

அன்றிலிருந்து, இடது கதவு சிராய்த்துப்போன ஒரு வெள்ளைக் கார் வாரத்துக்கு ரெண்டு தடவை மோசஸ் வீட்டுக்கு எதிரில் வந்து நிற்கிறது. யாரும் இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போய்விடுகிறது. போன மாசம் மருமகன் ராபினின் பைக்கில் பிரேக் வயரை யாரோ அறுத்து வைத்திருந்தார்கள். அதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் ஓட்டுப் போடுகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று ஏஞ்சல் தடுத்துவிட்டாள்.

தலைவர் நாற்காலியில் இருக்கிறவள் மேல் கைவைக்க ஒருத்தன் ரெண்டு தடவை யோசிப்பான். சும்மா ஏஞ்சல் மேல் கைவைக்க எதற்கு யோசிக்கவேண்டும். மோசஸுக்கு மனசில் ஓடியது இவ்வளவுதான். மகள் ஜெயிக்கவேண்டும். ஜெயித்தால்தான் உயிரோடு இருப்பாள்.

அஞ்சு மணிக்கு ஏஞ்சல் யூனிபார்ம் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குமா டூட்டி" என்றார் மோசஸ்.

"எங்க கம்பெனிக்கு லீவு செவ்வாக்கெழம நைனா. எத்தினி வாட்டி சொல்றது."

"ஓட்டு நாளு. நிக்கிறவளே ஊட்ல இல்லன்னா எவன் மதிப்பான்."

"நான் லீவு போட்டா நாளிக்கி லைன்ல என் எடத்துல வேற ஒருத்தி நிப்பா. போற வழியில ஷிப்ட் பெட்டியில போட்டுட்டுப் போறேன்."

ஷிப்ட் பெட்டி என்றதும் மோசஸின் முகம் கோணியது.

காலனி ஓட்டுக்கு ரெண்டு பெட்டி. ஒன்று சமுதாயக் கூடத்தில், வீட்டில் இருக்கிறவர்களுக்கு. இன்னொன்று அந்தோணியின் மடியில். அந்தோணி தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். யார் பக்கமும் சாயாதவர் என்று ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள். அவர் அந்தப் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் போய், கம்பெனி பஸ்கள் நிற்கிற ரோட்டு முனையில் உட்கார்ந்துகொள்வார். ஷிப்டுக்கு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அங்கே போடவேண்டியது. ஓட்டுச் சீட்டு கிடையாது. ஏதோ ஒரு கேன்டீனில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் டோக்கன்கள். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம். சிவப்பு ஏஞ்சலுக்கு, நீலம் கல்பனாவுக்கு. துணி மறைப்புக்குப் பின்னால் போய் ஒன்றைப் பெட்டியிலும் மற்றதை வாளியிலும் போட்டுவிட்டு வரவேண்டும்.

"அந்தப் பெட்டிய நான் ஒத்துக்கவே இல்ல" என்றார் மோசஸ். "ஆட்டோவுல ஊர் சுத்திக்கினு வர்ற பெட்டி. நடுவுல எவன் கைய உடுவானோ."

"அந்தோணி மாமாவக்கூட நம்பமாட்டியா."

"அவன் தபால்ல இருந்தவன். எத்தினி பேரு லெட்டரப் பிரிச்சுப் படிச்சானோ."

அடுப்படியிலிருந்து சாராள் குரல் கொடுத்தாள். "உங்க நைனா இன்னா, ஞானஸ்நானம் குடுக்கசொல்ல தண்ணி சுத்தமான்னு பாஸ்டர்கிட்ட கேட்ட ஆளு."

ஏஞ்சல் சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எதிர்ப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கார் இல்லை. அவளும் பார்க்கிறாள் என்பது மோசஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் நீ சும்மா இரு நைனா. எனக்கு அது போதும்."

போய்விட்டாள்.

அன்றைக்கு மதியத்துக்குமேல் சமுதாயக் கூடத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. மூணு மாசம் முன்னாலேயே புக் பண்ணியிருந்தார்கள். அதனால் கூடத்துப் பெட்டியைப் பன்னிரண்டரைக்கே திறந்து எண்ணிவிட்டு, ஷிப்ட் பெட்டியைச் சாயந்திரம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்து எண்ணுவது என்று முடிவு. ஒருபக்கம் பந்தல்காரர்கள் சேர் இறக்க, இன்னொரு பக்கம் ஓட்டு எண்ணிக்கை.

பெட்டியைக் கவிழ்த்தார்கள். டோக்கன்கள் கலகலவென்று பாயில் கொட்டின.

மோசஸ் எண்ணிக்கைக்குக் காத்திருக்கவில்லை. கண்ணே சொல்லிவிட்டது. நீலம். நீலத்துக்கு நடுவில் அங்கங்கே சிவப்பு, பழுத்த மிளகாய் மாதிரி.

"இன்னா மோசஸ்" என்றார் பின்னால் நின்ற ராஜமாணிக்கம். குணாளனிடம் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவர். "பாய் ஃபுல்லா ஒரே நீலமா கீது. பழவேற்காடு ஏரி மாதிரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மோசஸ் திரும்பவில்லை. காது மட்டும் சூடாகிவிட்டது.

பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். நீலம் நூற்று எழுபத்தொன்று. சிவப்பு நூற்றுப் பதினெட்டு.

ஐம்பத்து மூன்று பின்னால்.

அவருடைய மில்லுக்கு ஆயுசு முழுக்க ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆம்பிளைகள் எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள் என்பது அவர் எலும்பிலேயே ஊறிப்போனது. காலனி மொத்தமும் வந்து போட்டுவிட்டது, காலனி மொத்தமும் மகளைக் கைவிட்டுவிட்டது. இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது, சரி. அது ஆட்டோவில் சுற்றுகிற பெட்டி. வீட்டுக்குப் பக்கத்தில் வைத்த பெட்டியே இப்படி என்றால், ஊர் சுற்றுகிற பெட்டி எப்படி இருக்கும்.

வீட்டுக்கு நடந்தார்.

சாராள் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து வெள்ளைப் புடவையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"போச்சு" என்றார் மோசஸ்.

"இன்னா போச்சு."

"எல்லாம் போச்சு. அம்பத்து மூணு கொறச்சல்."

"இன்னொரு பெட்டி கீது இல்ல."

"அதப் பத்திப் பேசாத."

ஏஞ்சலுக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், ரெண்டரைக்குத்தான் திறப்பார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நாலு தடவை போட்டார்.

அப்புறம் ராபினுக்குப் போட்டார். அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். கண்டெய்னர் வண்டிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"மாமா, கூடத்துப் பெட்டி அப்டித்தான் வரும். ஏஞ்சல் அப்பவே சொல்லிச்சு. நீங்க ஊட்ல இருங்க."

"அப்டித்தான் வரும்னா இன்னாடா அர்த்தம். அவளுக்கு முன்னாடியே தெரியுமா தோக்கப்போறோம்னு?"

"அது இல்ல மாமா. வண்டி நகருது, அப்பறம் பேசறேன். எங்கியும் போவாதீங்க."

வைத்துவிட்டான். மோசஸுக்கு ரெண்டு வார்த்தைதான் காதில் நின்றது. முன்னாடியே தெரியும்.

"ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் படு" என்றாள் சாராள். "காலீலருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல நீ."

அவர் ஜன்னல் ஓரம் போனார். எதிரில் வேப்பமரத்தடியில் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது.

இது வரைக்கும் சாயந்திரத்தில்தான் வந்திருக்கிறது. பட்டப்பகலில் வந்ததில்லை. ஓட்டு எண்ணி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சேதி போய்விட்டது. அவள் தோற்கிறாள் என்று தெரிந்ததும் வந்துவிட்டார்கள்.

"யார் கூப்ட்டாலும் கதவத் தொறக்காத" என்று சாராளிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கமாக வெளியே போனார். எங்கே என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

குணாளன் வீட்டில் மின்விசிறி வேகமாகச் சுற்றியும் குணாளனுக்கு வேர்த்திருந்தது. மோசஸைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாண்ணே. உக்காருண்ணே. கல்பனா, அண்ணனுக்கு மோர் எடுத்துக்கினு வா."

மோசஸ் உட்காரவில்லை. "எண்ணிக்க பாத்தியா" என்றார்.

"பாத்தேன். எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஏஞ்சல் நல்ல பொண்ணு. கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு அந்த லாரி விஷயத்துல." குணாளன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பது. "இப்ப இன்னாண்ணே பண்ணலாம்னு கீறே."

"எம்பொண்ணுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

வந்த காரியம் அதுதான். அதைச் சொன்னதும் மோசஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குணாளன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. சாயந்திரம் அந்தப் பெட்டியும் தொறந்து அதுலயும் தோத்துட்டு வந்து நின்னீன்னா, நான் குடுக்கணும்னு நெனச்சாலும் முடியாது. என் ஆளுங்க ஒத்துக்கமாட்டாங்க. இப்பவே மரியாதையா விலகிக்கினதா எழுதிக் குடுத்துட்டா, ஏஞ்சலுக்குத் துணைத் தலைவர். காலனியும் ஒண்ணாயிடும். அந்தக் கார் வந்து நிக்கிறது, பிரேக் வயரு அது இதுன்னு, எல்லாம் நின்னுடும். அவ மேல ஒரு தூசி படாது. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. ஆறு மாசமாக இந்த ரெண்டு வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று மோசஸ் காத்துக்கொண்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லவில்லை. பாஸ்டர், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். பால்காரரை நம்பாத மனுஷன், அந்த நிமிஷம் குணாளனை நம்பினார்.

கல்பனா மோர் டம்ளரோடு வந்து நின்றாள். அவர் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ஏஞ்சலக் கேட்டுட்டீங்களாண்ணே" என்றாள்.

"நீ உள்ள போ" என்றார் குணாளன்.

போனாள். வாசல்படியில் திரும்பி ஒரு தடவை மோசஸைப் பார்த்தாள். பாவம் பார்க்கிற பார்வை. தோற்றவனைப் பார்த்துப் பாவப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குணாளன் லெட்டர் பேடில் மளமளவென்று எழுதினார். மோசஸ் அஞ்சாவதோடு நின்றவர். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். என் மகள் ஏஞ்சல் இந்தப் போட்டியிலிருந்து முழு மனதோடு விலகிக்கொள்கிறாள். துணைத் தலைவர் விஷயம் அதில் இல்லை.

"அத எழுதலியே."

"அது எழுதுற விஷயமாண்ணே. வார்த்த போதாதா."

மோசஸ் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் குணாளன் செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை உடம்பு தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்தார்.

"பின்பக்கமா போயிடுண்ணே. யாரும் பாக்கவேணாம்."

பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அதைத் தாண்டித்தான் கதவு. ஷெட்டுக்குள் ஒரு கார் நின்றது. வெள்ளை. இடது கதவு முழுக்கச் சிராய்ப்பு. மோசஸ் பானெட் மேல் கையை வைத்தார். தோசைக்கல் மாதிரி சுட்டது. இப்போதுதான் எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. பிரேக் வயர். அது வீட்டில் நாலு பேரைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாத விஷயம்.

ஏஞ்சல் மூணேகாலுக்கு வந்தாள். சாராள் சோறு போட்டாள். மோசஸ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நைனாக்கு இன்னா."

"மத்தியானத்துலருந்து இப்டித்தான் கெடக்குது. எங்கியோ போயிட்டு வந்துச்சு, வாயத் தொறக்கல."

"கூடத்துல எவ்ளோ வந்துச்சு."

சாராள் சொன்னாள்.

ஏஞ்சல் பிசைந்த கையை நிறுத்தினாள். "அம்பத்து மூணுதானா? நான் எம்பது கொறையும்னு நெனச்சேன்." குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். "அப்ப நூத்துப் பதினெட்டுல முக்காவாசி பொம்பளைங்க போட்டது. குணாளன் ஆளுங்க ஊட்டுப் பொம்பளைங்கம்மா. பயந்துக்கினே வந்து போட்டிருக்காங்க."

மோசஸ் எழுந்து உட்கார்ந்தார். "எம்பதா?"

"ஞாயித்துக்கெழம ஊட்ல யாரு நைனா இருப்பா. கான்ட்ராக்ட் வேலைக்குத்தான் ஞாயிறு லீவு. அது அத்தினியும் குணாளன் ஆளுங்க. எங்க லைனுக்கு செவ்வா. கண்ணாடி கம்பெனிக்கு வியாழன். ஸ்டீல் பிளான்ட்ல லீவே கெடையாது, மாத்தி மாத்திதான் எடுப்பாங்க. என் சனம் மொத்தமும் ஷிப்ட் பெட்டியில கீது. காலீல பஸ் ஏறசொல்ல அந்தோணி மாமா பெட்டியத் தூக்கிப் பாத்துட்டு, இன்னாம்மா இந்த கனம் கனக்குதுன்னு கேக்கறாரு."

மில்லில் ஒரு தடவை, அவர் குறடு வைக்கிறதற்குள் கம்பி மேலே எழும்பி, பக்கத்து ஆளின் தொடைக்குள் போய்விட்டது. குறடு வைக்கத் தவறியவர் அவர். இந்தத் தடவை கம்பி போனது மகள் மேல்.

சொல்லவேண்டும். வாயைத் திறந்தார். ஏஞ்சல் முகத்தைப் பார்த்தார். ஆறு மாசத்தில் அவள் இப்படிப் பசித்துச் சாப்பிட்டு அவர் பார்க்கவில்லை.

"சாப்புடு" என்றார்.

அஞ்சு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூட்டம். தூரத்துக் கம்பெனிகளில் காலை ஷிப்ட் முடித்தவர்கள் தூக்குச் சட்டியோடு நேராக வந்திருந்தார்கள். கூடத்திலிருந்து மஞ்சள் நீராட்டு மைக் சத்தம்.

அந்தோணி பூட்டைத் திறந்து பெட்டியைக் கவிழ்த்தார்.

சிவப்பு.

பத்துப் பத்தாக அந்தோணி அடுக்க அடுக்க, வரிசை பாயைத் தாண்டி மண்ணுக்கு வந்தது. பிரின்சி என்று ஏஞ்சலோடு லைனில் நிற்கிற பெண், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சிவப்பு இருநூத்தி மூணு. நீலம் அறுவத்தொண்ணு" என்றார் அந்தோணி. "ரெண்டு பெட்டியும் சேத்து ஏஞ்சல் முந்நூத்தி இருவத்தொண்ணு. கல்பனா இருநூத்தி முப்பத்திரெண்டு."

விசில் பறந்தது. யாரோ ஏஞ்சலைத் தூக்கினார்கள். அவள் தலைகளுக்கு மேலே மோசஸைத் தேடினாள். அவர் தொட்டித் தூணுக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து அவருக்கு ஒரே ஒரு கைதான் தெரிந்தது. குணாளனின் கை. அது சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"மாமா" என்றார் குணாளன், அந்தோணியிடம். கோபம் இல்லை, அவசரம் இல்லை. "இதையும் நோட்டுல சேத்துடுங்க. மத்தியானமே குடுத்தது. எண்ணி முடிக்கட்டும்னு இருந்தேன்."

அந்தோணி படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அப்புறம் காலனி நோட்டைத் திறந்து பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கை" என்றார் மெதுவாக.

விசில் ஒவ்வொன்றாக அடங்கியது. காகிதம் ஏஞ்சல் கைக்கு வந்தது. அவள் படித்துவிட்டு நேராகத் தூணுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நைனா. இது நீ போட்டதா."

இல்லை என்று சொல்லலாம். பாதிப் பேர் நம்புவார்கள். மோசஸ் எதிலும் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை என்று காலனிக்கே தெரியும். ஆனால் படம் குணாளன் போனில் இருக்கிறது. இவர் இல்லை என்பார், குணாளன் ஆமாம் என்பார், காலனி மறுபடி ரெண்டாகும். போன தடவை மாதிரியே. நாற்பத்தோரு ஓட்டு.

"நான்தான் போட்டேன்" என்றார்.

"எப்ப."

"ரெண்டு மணி இருக்கும்."

"ஷிப்ட் பெட்டி தொறக்கறதுக்கு முன்னாடி."

"ஆமா. துணைத் தலைவர் தர்றேன்னாரு."

"துணைத் தலைவர வார்டு மெம்பருங்க ஓட்டுப் போட்டு எடுப்பாங்க நைனா. அத அவரு எப்டிக் குடுப்பாரு."

ஏஞ்சல் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் செய்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் குனிந்து மண்ணிலிருந்து ஒரு சிவப்பு டோக்கனை எடுத்தாள். புடவையில் துடைத்து, அவர் கையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எவ போட்டதுன்னு எனக்குத் தெரியாது. நாளிக்கி காலீல அஞ்சேகால் பஸ்ல ஏறுவா. நீ ரோட்டு முனையில நின்னு, ஏறுற ஒவ்வொருத்திகிட்டயும் இதக் காட்டி, இன்னா பண்ணேன்னு உன் வாயால சொல்லு. அவங்க இன்னா சொல்றாங்களோ, அதுக்கப்பறம் நான் பேசிக்கிறேன்."

"நாளிக்கி பேசறதுக்கு ஒண்ணும் இல்லியேம்மா" என்றார் குணாளன். "கையெழுத்து கையெழுத்துதான். நோட்டுல அப்டித்தான் எழுதியிருக்கோம்."

"உங்ககிட்ட நான் பேசல."

மோசஸ் டோக்கனை இறுக்கிப் பிடித்தார். ஓரம் உள்ளங்கையில் குத்தியது. "ஏஞ்சலு" என்றார். "இன்னொண்ணு கீது. அவரு ஊட்ல, பின்னாடி ஷெட்ல..."

"அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார் குணாளன், அவர் தோளில் கையைப் போட்டு. அந்தக் கை கனத்தது. "காலீலருந்து சாப்புடல போலக்கீது. வாண்ணே, ஊட்ல எறக்கி உட்டுடறேன். வண்டி வரச்சொல்லிட்டேன்."

கூட்டம் விலகி வழிவிட்டது. இனி மறைக்கவேண்டியதில்லை என்று குணாளன் நினைத்தாரோ, வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று கிழவனுக்குக் காட்ட நினைத்தாரோ, தொட்டிக்கு எதிரில் வந்து நின்றது வெள்ளைக் கார்.

ஏஞ்சல் திரும்பினாள். இடது கதவு அவள் பக்கம் இருந்தது.